ஒரு சொட்டுதானேக்கா

விஷம் வைத்தாளாம்! சொல்கிற வாய்க்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? கூடப் பிறந்தவன் பெண்டாட்டியின் கண்ணில் விஷத்தை ஊற்றிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு திருட்டுத்தனமாக ஓடிவிட்டாளாம் கழுகக்கா. மாடிவீட்டம்மா சொன்னாள், சலூன்காரர் தலையாட்டினார், தெருமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் விஷம் ஆசிட் ஆகிவிட்டது. நாளைக்கு அது பாம்பாகக்கூட ஆகும், யார் கண்டார்கள்.

அவள் ஓடவில்லை. பட்டப்பகலில், தெருவே பார்க்க, நடந்துதான் போனாள். வைத்ததும் விஷம் இல்லை, மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்து, கடையில் சீல் பிரிக்காமல் வாங்கி, அவள் பெயரை ஒட்டி, அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டை அடுக்குகிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்த மருந்து. அதை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டது யாருடைய கை? அந்த ஒரு கேள்வியை மட்டும் இந்தத் தெருவில் யாரும் கேட்பதில்லை.

அவள் மேல் குற்றமே கிடையாது என்று யாரும் சாதிக்க வரவில்லை. செய்தாள். தெரிந்தேதான் செய்தாள். ஆனால் என்ன செய்தாள் என்பதை முதலில் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு, அப்புறம் வாயில் போட்டு மெல்லுங்கள்.

கழுகக்கா என்ற பெயர் குளிர்பானக் கம்பெனியில் வைத்தது. இருபத்திரண்டு வருஷம் அவள் அங்கே பாட்டில் பார்த்தாள். பாட்டில் பார்ப்பது என்றால் சும்மா இல்லை. மூன்று பக்கமும் அடைத்த ஓர் இருட்டுத் தடுப்பு. எதிரே பால் போல் வெளிச்சம் அடிக்கிற பலகை. பலகைக்கும் அவளுக்கும் நடுவே, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, நிரப்பின பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றில் தூசி மிதக்கும். ஒன்றில் அளவு ஒரு நூல் குறைந்திருக்கும். ஒன்றின் கழுத்தில் முடியிழை போல விரிசல் ஓடும். பார்த்த மாத்திரத்தில் கையை நீட்டித் தூக்கிப் பின்னால் இருக்கிற தொட்டியில் போட வேண்டும். யோசித்தால் பாட்டில் போய்விடும். மற்றவர்களுக்கு இருபது நிமிஷத்தில் கண் கலங்கும், ஆளை மாற்றுவார்கள். இவள் நாற்பது நிமிஷம் அசையாமல் உட்காருவாள்.

ஒருமுறை, கொசுவின் ஒற்றைக் கால் மிதந்த பாட்டிலை எடுத்து வைத்தாள். சூப்பர்வைசர் பூதக்கண்ணாடி வைத்துத்தான் அதைக் கண்டார். "ஏன்க்கா, மிச்சக் கொசு எங்கே?" என்று கேட்டார்.

"அது போன ஷிப்டு பாட்டில்ல போயிருக்கும், அவங்களைக் கேளுங்க" என்றாள் இவள்.

அன்றிலிருந்து கழுகக்கா.

அந்தக் கண்ணை வைத்துத்தான் தம்பியை ஆளாக்கினாள். பெற்றவர்கள் போனபோது அவனுக்கு ஒன்பது வயசு, இவளுக்கு இருபது. கல்யாணப் பேச்சு எடுத்தால், "ஒருத்தனை வளக்கறதே போதும் போதும்னு இருக்கு, இன்னொருத்தனை வேற வளக்கணுமா" என்று வாயை அடைத்துவிடுவாள். தம்பி லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் வேலைக்குப் போனான். ஒருநாள் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுபோக, உள்ளே மாட்டிக்கொண்ட பெண்ணை வெளியே எடுத்தான். கதவு இடுக்கில் முதலில் தெரிந்தது இரண்டு கண்கள். தேன் நிறம். அதோடு அவன் கதை முடிந்தது. "அந்தக் கண்ணைப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லுவான்.

வந்தவளுக்குப் பூனைக்கண்ணி என்றே பெயர் நிலைத்தது. பியூட்டி பார்லரில் மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். பார்லர் வாசலில் ஒரு பெரிய போர்டு, அதில் அவளுடைய கண்கள் மட்டும், ஆளுயரத்துக்கு. அதைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிற பெண்கள், "இந்தக் கண்ணுக்காரங்கதான் எனக்குப் போடணும்" என்று அடம் பிடிப்பார்களாம். கெட்டவள் என்று சொல்ல முடியாது. கழுகக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்; அண்ணி துவைத்துப் போட்டால் அவள் உலர்த்துவாள், அண்ணி அலுத்து வந்தால் காலுக்குத் தைலம் தேய்ப்பாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவழியில் ஒரு ஃப்ரிட்ஜ். மூன்று பேருக்கும் போதுமாகத்தான் இருந்தது.

கம்பெனியில் வருஷா வருஷம் கண் பார்ப்பார்கள். அந்த வருஷம் டாக்டர் இவளை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வலக்கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறியிருக்கிறது, கிளாக்கோமா என்றார்கள். வலிக்காது, சிவக்காது, சத்தம் போடாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும். தின்றது தின்றதுதான், திரும்பி வராது. தினமும் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். ஆயுசு முழுக்க.

மருந்து விடுகிற முறையைச் சொல்லித்தர ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்லிச் சொல்லி, மூச்சு விடாமல் சொல்லுகிறவள்.

"கையைக் கழுவிட்டுத்தான் பாட்டிலைத் தொடணும். பாட்டில் முனை கண்ணுல, இமையில எங்கயும் படக்கூடாது. ஒரே ஒரு சொட்டு. ரெண்டு விட்டா ரெண்டு மடங்கு குணமாகாது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரமா இந்த மூலையை ரெண்டு நிமிஷம் அமுக்கிக்கணும். இல்லன்னா மருந்து மூக்கு வழியா உடம்புக்குள்ள இறங்கிடும்."

"ஒரு சொட்டு அவ்வளவு தூரம் போகுமா?"

"போகும்மா. சொட்டுதானேன்னு நினைக்காதீங்க. வெளியே வழிஞ்சதைத் துடைச்சிடுங்க, இல்லன்னா அந்த எடம் கறுக்கும், முடி முளைக்கும். தினமும் ஒரே நேரம். பிரிக்காத பாட்டிலை ஃப்ரிட்ஜ்ல வைங்க. பிரிச்சு நாலு வாரம் ஆச்சுன்னா மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுங்க. வேற யாருக்கும் குடுக்காதீங்க. முதல்ல கொஞ்சம் எரியும், கண்ணு சிவக்கும், இமை முடி நீளமா வளரும். கண்ணோட நிறம் மாறும்..." என்றவள் நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "அந்தக் கவலை உங்களுக்கு இல்லம்மா. உங்க கண்ணு கரிக்கட்டை. பூனைக்கண்ணு இருக்கிறவங்கதான் யோசிக்கணும். பழுப்பாயிடும். ஒரு தடவை மாறிட்டா, மருந்தை நிறுத்தினாலும் பழைய நிறம் வராது."

கழுகக்காவும் சேர்ந்து சிரித்தாள். நம் வீட்டிலும் ஒரு பூனைக்கண் இருக்கிறதே என்று நினைவு வந்தது. மருந்து அவளுக்கா என்ன என்று அத்தோடு மறந்தாள்.

"வீசிங், மூச்சு வாங்கறது, இதயத்துல கோளாறு, ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் இல்ல."

அது பொய். குளிர் காற்று அடித்தால் அவள் நெஞ்சு விசில் அடிக்கும். கண் ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு என்ன வேலை என்று நினைத்தாள். கம்பெனிக்குத் தெரிந்தால் வெளிச்சப் பலகையிலிருந்து எழுப்பிவிடுவார்களோ என்று பயமும் உண்டு. அந்தப் பொய்க்கு அவளே பின்னால் அடி வாங்கினாள், அதையும் மறைப்பதற்கில்லை.

மருந்து எரிந்தது. கண் சிவந்தது. மூன்றாம் மாசம் வலக்கண்ணின் இமை முடி மட்டும் கறுகறுவென்று வளைந்து நீண்டுவிட்டது. இடக்கண் பழையபடி. கம்பெனியில் ஒரே கேலி.

"என்ன கழுகக்கா, ஒரு கண்ணுக்கு மட்டும் மாப்பிள்ளை பாத்தாச்சா?"

"ஆமாடி, இன்னொரு கண்ணு இன்னும் சம்மதிக்கல."

தெருவில் கேலியாக விடவில்லை. இந்த வயசில் ஒற்றைக் கண்ணுக்கு மை போட்டுக்கொண்டு யாரைப் பார்க்கப் போகிறாளோ என்று மாடிவீட்டம்மா ஆரம்பித்தாள். அன்று அவளுக்கு மை, இன்று விஷம். வாய் ஒன்றுதான்.

பூனைக்கண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணி, இதுக்காகப் பொண்ணுங்க எங்ககிட்ட வந்து கெஞ்சறாங்க. ஒட்டற முடி ரெண்டே நாள்ல பிஞ்சுடுது. உங்களுக்கு என்னடான்னா சும்மா முளைக்குது! எனக்கும் ரெண்டு சொட்டு குடுங்களேன்."

"இது கண்ணு போறவங்களுக்கான மருந்தும்மா. நல்ல கண்ணுல விடறதுக்கு இல்ல. தொடாதே."

பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். நிறம் மாறும் என்பதை அன்று சொல்லவில்லை. தொடாதே என்றால் தொடமாட்டாள் என்று நம்புகிறவளுக்கு மேற்கொண்டு எதைச் சொல்லத் தோன்றும்?

கொஞ்ச நாளில் மருந்து எரிவது நின்றது. கண் சிவப்பு மறைந்தது. நீண்ட இமை முடி உதிர்ந்து, இரண்டு கண்ணும் பழையபடி ஒன்று போல் ஆயின. கழுகக்காவுக்கு மனசு லேசாகிவிட்டது. மருந்து பழகிவிட்டது, உடம்பு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொன்னாள். சாயங்காலம் ஏழு மணி ஆனால் கையைக் கழுவி, ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூலையை அமுக்கிக்கொண்டு, நூற்றிருபது எண்ணுவாள். ஒரு நாள் தவறியதில்லை.

ஆறு மாசம் கழித்துப் பரிசோதனைக்குப் போனால், அழுத்தம் முன்னைவிட மேலே. டாக்டர் கோபித்துக்கொண்டார். "மருந்தை ஒழுங்கா விடறீங்களா, இல்லையா?"

"ஒரு நாள்கூட விட்டதில்லைங்க."

"விட்டதில்லைன்னுதான் கண்ணும் சொல்லுது" என்று முனகிக்கொண்டே இரண்டாவதாக வேறொரு சொட்டு மருந்தும் எழுதினார். காலையும் மாலையும். முதல் மருந்துக்கும் இதற்கும் நடுவே ஐந்து நிமிஷம் விட வேண்டும்.

அந்த இரண்டாவது மருந்து அவளை ஒன்பதாம் நாள் கீழே தள்ளியது. சாப்பாட்டு அறைக்குப் படி ஏறினாள், பாதியில் மூச்சு அடைத்துக்கொண்டது. நெஞ்சில் விசில் இல்லை, கீச்சென்று ஒரே சத்தம். உட்கார்ந்தவள் சாய்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு போனால், நாடி பாதியாக இறங்கியிருந்தது. "என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்ட டாக்டரிடம், "ஒண்ணும் சாப்பிடல, கண்ணுக்குச் சொட்டுதான்" என்றாள். அவர் பாட்டிலை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "வீசிங் இருக்கிறவங்களுக்கு இது ஆகவே ஆகாதும்மா. நீங்க சொல்லலையா?" இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்த மருந்தை நிறுத்தினார்கள், பிழைத்தாள்.

பொய் சொன்னது அவள் தப்பு. ஆனால் முதல் மருந்து தன் வேலையைச் செய்திருந்தால் இரண்டாவது எதற்கு வந்திருக்கும்?

வேலைக்குத் திரும்பிய வாரமே ஒரு பாட்டில் அவளைத் தாண்டிப் போய்விட்டது. உள்ளே தூசி இல்லை, கொசுக்கால் இல்லை, முழுசாக ஒரு தேனீ. வலப்பக்கத்திலிருந்து வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் நின்றவள் பாய்ந்து எடுத்தாள். சூப்பர்வைசர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குரலைத் தாழ்த்தி, "கொஞ்ச நாள் காலி கிரேட் அடுக்கற எடத்துல இருங்கக்கா" என்றார். இருபத்திரண்டு வருஷத்து நாற்காலியில் நேற்று வந்த பெண் போய் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். காகிதத்தில் அச்சடித்து வந்தது. வலக்கண்ணின் வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்பு. "போனது போனதும்மா. மிச்சத்தைப் பாத்துக்கலாம்" என்றார்கள்.

மறுநாள் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பாலை எடுக்கப் போன கை மருந்துப் பாட்டிலை எடுத்தது. ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது, கை பழக்கம். ஃப்ரிட்ஜ் விளக்குக்கு நேராகப் பிடித்தாள். பிரித்து இருபத்து மூன்று நாள் ஆன பாட்டில். அளவு தோள் வரைக்கும் நிற்கிறது. குலுக்கினாள். இந்த மருந்தைக் குலுக்கினால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி ஒட்டிக்கொண்டு நிற்கும். இதில் ஒன்றுமில்லை. ஒரு பஞ்சு இழை மட்டும் மெல்லச் சுற்றிச் சுற்றி இறங்கியது. கழுத்தைத் திருப்பினாள். முனையைப் பிடுங்கித் திரும்ப அழுத்தின இடத்தில் பிளையர் கடித்த பல் தடம், ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று.

அந்த வீட்டில் பிளையர் பிடிக்கிற கை ஒன்றுதான்.

அப்போது பூனைக்கண்ணி பல் துலக்கிக்கொண்டே வந்து, "என்ன அண்ணி, பாலு இல்லையா?" என்றாள். கழுகக்கா அன்றுதான் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் இமை முடி விசிறி மாதிரி விரிந்து நின்றது.

சாயங்காலம் தம்பியை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள். பாட்டிலை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் பார்த்த உடனே அசடு வழிந்தான்.

"அவதான்க்கா ஆசைப்பட்டா. நல்லா முளைச்சுதா, இப்ப வர்ற பொண்ணுங்க எல்லாம் அவ கண்ணையே பாக்கறாங்க. அளவு குறைஞ்சா நீ கண்டுபிடிச்சுடுவியேன்னு நான்தான் கொஞ்சம் தண்ணி ஊத்தினேன். குழாய்த் தண்ணி இல்லக்கா! கொதிக்க வெச்சு ஆற வெச்சது."

கிட்டத்தட்ட அரை வருஷம், கொதிக்க வைத்து ஆற வைத்தது. அதை விட்டுக்கொண்டு நூற்றிருபது எண்ணியிருக்கிறாள். காகிதத்தில் இருந்த கறுப்பைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் அவள் தோளைத் தட்டி, "விடுக்கா. ஒரு சொட்டுதானேக்கா" என்றான்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த இடத்தில்தான் எல்லாம் முடிவானது. தேனீ போனபோது இல்லை, மூச்சு நின்றபோது இல்லை. அந்த 'தானே'வில்.

"சரி" என்றாள். "அவகிட்ட ஒண்ணும் கேக்காதே, சங்கடப்படுவா. இனிமே தண்ணி மட்டும் ஊத்தாதே. நான் எனக்குத் தனியா ஒண்ணு வெச்சுக்கறேன். ஃப்ரிட்ஜ்ல இருக்கிறது இருக்கட்டும்."

"உன் மனசு யாருக்குக்கா வரும்!" என்றான் தம்பி.

அடுத்த நாளிலிருந்து இரண்டு பாட்டில். மருந்துக்கடைக்காரர் கேட்டதற்கு, "ஒண்ணு வீட்டுல, ஒண்ணு வேலையில" என்றாள். தன்னுடையதைச் சாப்பாட்டுப் பைக்குள் சின்ன டப்பாவில் வைத்துக்கொண்டாள். எரிந்தது; எரிகிறதே என்று நிம்மதியாக மூலையை அமுக்கிக்கொண்டாள். இன்னொன்றைத் தன் பெயரை ஒட்டி, முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தினமும் காலையில் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். அளவு இறங்கியிருக்கும். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சொட்டு. வெளிச்சப் பலகை போன பிறகு அவள் பார்த்த பாட்டில் அது ஒன்றுதான், அதை ஒரு நாளும் கோட்டைவிடவில்லை. நாலு வாரம் ஆனதும் பழையதைத் தூக்கிப் போட்டுப் புதுசு வைப்பாள். நர்ஸ் சொன்னதில் ஒன்றைக்கூட மீறவில்லை. யாருக்கும் கொடுக்காதே என்றதை மட்டும், கொடுக்கவில்லை, வைத்தேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பினாளா என்றால், இல்லை. நம்ப வேண்டிய தேவையும் அவளுக்கு இருக்கவில்லை.

சொல்ல வந்து நின்ற நாள் உண்டா என்றால், ஒரு நாள் உண்டு. பூனைக்கண்ணி காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "இந்தா பாரும்மா" என்று ஆரம்பித்தாள். பூனைக்கண்ணி நிமிர்ந்து, "அண்ணி, கிரேட் அடுக்கறது உங்களுக்கு நல்லதுதான். உக்காந்தே இருந்தா உடம்பு கெட்டுடும்" என்றாள். கழுகக்கா காலை இழுத்துக்கொண்டாள்.

பத்து மாசம் ஆயிற்று. பூனைக்கண்ணிக்கு முதலில் இமைத் தோல் கறுத்தது, அதற்குப் பூசி மறைத்தாள். கண் கொஞ்சம் உள்ளே போனது போல் இருந்தது, தூக்கம் போதவில்லை என்றாள். தேன் நிறம் மட்டும் கண்பாப்பாவைச் சுற்றி ஒரு வளையமாகப் பழுப்பேறி, வெளியே வெளியே பரவிக்கொண்டிருந்தது. தினம் கண்ணாடி பார்க்கிறவளுக்குத் தினம் மாறுவது தெரியாது. ஒரு கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க வந்தவன்தான் கேட்டான்: "ஏன் மேடம், லென்ஸ் போட்டிருக்கீங்களா? போர்டுல வேற கலரா இருக்கே?"

அவள் நேராகப் பார்லர் வாசலுக்கு ஓடி, ஆளுயரக் கண்ணுக்கு முன்னால் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். மறுநாள் ஆஸ்பத்திரி. அதே நர்ஸ். "யாரோட மருந்தை எடுத்து விட்டீங்க? முடி உதிர்ந்துடும், கறுப்புகூடக் குறையலாம். நிறம் வராதும்மா." அந்த வாரமே பார்லரில் போர்டை இறக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கழுகக்கா ஏற்கனவே பையைக் கட்டிவைத்திருந்தாள். கம்பெனிக்குப் பின்னால் ஓர் அறையும் பேசி முடித்திருந்தாள். பூனைக்கண்ணி அழுது வீங்கிய முகத்தோடு வந்து எதிரே நின்றாள்.

"நிறம் மாறும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து. உன்னுது மாதிரிக் கண்ணைப் பத்தித்தான் சொன்னாங்க."

"அப்ப ஃப்ரிட்ஜ்ல இருந்தது..."

"உனக்குத்தான். தேதி தவறாம மாத்தி வெச்சேன். பழைய மருந்து விட்டா கண்ணு கெட்டுடும் பாரு."

தம்பி பாய்ந்து வந்தான். "நீயெல்லாம் ஒரு அக்காவா? அவ பொழைப்பே அந்தக் கண்ணுலதான் இருக்கு!"

"என் பொழைப்பு எதுலடா இருந்துச்சு? காதுலயா?"

அவள் எழுந்து நேரே பார்த்தபடி நின்றாள். "என் வலப்பக்கமா வந்து நில்லு. கையை ஆட்டு. ஆட்டறியா? எனக்குத் தெரியல. உன் மூச்சு சத்தம்தான் கேக்குது. கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணி தின்ன எடம் அது."

அப்போதுதான் அவனுக்குத் தேனீ, கிரேட், ஆஸ்பத்திரி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக உறைத்தது.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேக்கா" என்றான் அவன். "அவ கண்ணு இனிமே..."

"ஒரு நிறம்தானேடா" என்றாள் கழுகக்கா.

பையை எடுத்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து, தன் பெயர் ஒட்டின பாட்டிலை எடுத்து, பழக்கம் விடாமல் ஒருமுறை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, குப்பைத் தொட்டியில் போட்டாள். தம்பி முந்திக்கொண்டு போய் வாசலில் நின்றான். கதவுக்கு வலப்பக்கம். "அக்கா" என்றான். "இங்க பாருக்கா."

மாடிவீட்டம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் சொல்லுகிறாள், கூடப் பிறந்தவன் அழுதுகொண்டு நிற்கிறான், அந்தக் கல்நெஞ்சக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று.

அவன் நின்ற பக்கத்தில் அவளுக்கு எதுவும் தெரியாது. தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் தெரிந்திருப்பான். அவள் திருப்பவில்லை. நேரே பார்த்து, படியிறங்கிப் போய்விட்டாள்.